பொருள் எண் 11.4

நகராட்சிக் கூட்டம். பொருள் எண் பதினொன்று புள்ளி நான்கு:
புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை
மாநில அரசு கட்டாயமாக்க வேண்டும் எனக் கோருவது.
நான் குறிப்பெடுப்பவள்.
மெர்ரிண்டாவில் எனக்கு வாக்கு இல்லை,
விசைப்பலகை உண்டு.

இரவு ஏழரைக்கும் முப்பத்தெட்டு டிகிரி.
ஹண்டர் பள்ளத்தாக்கின் புழுதி ஜன்னலில் படிந்திருக்கிறது.
அதற்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் சிவப்பு விளக்கு இரண்டு.
பார்வையாளர் வரிசையில் ஒன்பது பேர்.
பால்பண்ணைக்காரர் ஒருவர்
மடித்த மின்கட்டண ரசீதால் விசிறிக்கொள்கிறார்.

தொடங்குமுன்பே விட்கோம் எழுந்தார்.
"என் மைத்துனர் சோலார் தகடு விற்கிறார்."
நலன் முரண், 7.42 என்று தட்டினேன்.
வெளியே போய்த் தண்ணீர்க் குழாயருகே நின்றார்,
வகுப்பிலிருந்து அனுப்பப்பட்ட பையனைப்போல.

நோயலின் ட்ராஸ்க் முன்மொழிந்தார். நிறைய எண்கள்.
எண்கள் எல்லாம் இணைப்பு 'இ'யில் இருக்கின்றன,
யாரும் புரட்டவில்லை.

ஹாஸ்லெட் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒரே சொல்.
கட்டாயமாக்க வேண்டும் என்பதை எடுத்துவிட்டு
ஊக்குவிக்கலாம்.
"யாருக்கும் வலிக்காது" என்றார்.

ஆங்கிலத்தில் அது சின்னச் சண்டை.
என் தலைக்குள் தமிழில் நடந்தது.
லாம். எவ்வளவு சௌகரியமான விகுதி!
வரலாம், போகலாம், பார்க்கலாம்.
கூரையில் தகடு போடட்டுமா என்றதற்கு
என் வீட்டுக்காரர் பார்க்கலாம் என்றார்.
இரண்டு கோடை போயிற்று.
ரசீதுக்கு மட்டும் லாம் தெரியாது,
பதினாறாம் தேதி வந்துவிடும்.

வேண்டும் வேறு ரகம்.
கட்டளையும் அதுதான், ஆசையும் அதுதான்,
கற்பூரத்துக்கு முன்னால் முணுமுணுப்பதும் அதேதான்.
ஒரு யூனிட் மின்சாரத்தின்மீதும் அதிகாரமில்லாத நகராட்சி
எங்களைக் கட்டாயப்படுத்துங்கள் என்று
மேலே எழுதிக் கேட்கிறது.
இதில் எந்த வேண்டும்?

மெர்வ் பார்ட்டில் கை தூக்கினார்.
முப்பத்தொரு வருடம் நிலக்கரிச் சுரங்கம்.
அவர் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும்.
ஹாஸ்லெட் சாய்ந்து உட்கார்ந்தார்.

"முகமூடி அணியலாம் என்று பலகையில் இருந்த காலத்தில்
என் அண்ணன் கீழே இறங்கினான்.
அணிய வேண்டும் என்று மாற்றி எழுதிய வருடம்
நான் சேர்ந்தேன்.
இன்றைக்கு இங்கே இருப்பது யாரென்று பார்த்துக்கொள்ளுங்கள்."
அவ்வளவுதான். பேனாவை மூடினார்.

திருத்தம் தோற்றது. இரண்டுக்கு ஆறு.
மூலத் தீர்மானம் நிறைவேறியது. ஐந்துக்கு மூன்று.
அந்த மூன்றில் ஒரு கை மெர்வுடையது.

மேயர் கண்ணாடியைக் கழற்றினார்.
மெர்வ் சொன்னார்:
"என் தெருவில் பதினொரு வீடு இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறது.
செய்வதென்றால் சொல் ஒழுங்காக இருக்கட்டும்.
எனக்கு வேண்டாம்."

முடிவை எழுது, பேச்சை எழுதாதே.
அதுதான் என் வேலையின் விதி.
அண்ணனுக்கு இடமில்லை, பதினொரு வீட்டுக்கும் இல்லை.
விட்கோமை உள்ளே அழைத்தோம், 8.26.
அடுத்த பொருள்: நாய்ப் பூங்காவின் வேலி.
அதற்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று.

வாகன நிறுத்தத்தில் மெர்வ்
காரின் நான்கு கதவையும் திறந்துவைத்து
சூடு இறங்கக் காத்திருந்தார்.
"நான் பேசியதை எழுதினாயா?"
"இல்லை. வழக்கமில்லை."
"நல்லது."
சாவியை இரண்டு முறை சுழற்றினார். பிறகு,
"அவன் பெயர் டெஸ்."

வீட்டில் மின்விசிறி வெந்நீரைப்போலக் காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது.
வீட்டுக்காரருக்கு மறுபடி எழுத உட்கார்ந்தேன்.
அவர் கோயம்புத்தூர்க்காரர், தமிழிலேயே எழுதலாம்.
தகடு போட முடியுமா என்று தொடங்கியதை அழித்தேன்.
போட வேண்டும் என்று எழுதினேன்.
எந்த வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.
அனுப்பிவிட்டேன்.